செம்பி கூண்டின் பின்கதவு

ஜனவரி 8, புதன்
புதுக் கூண்டுக்குக் கம்பி வந்து இறங்கியது. நாலு வருஷமாக நான் நச்சரித்த கூண்டு. பழையதில் சுற்றிலும் வலை. செம்பி படபடத்தால் இறகு உரசி ஒடிகிறது. செம்பருந்துப் பெண் அவள். ஊரார் கருடன் என்பார்கள். பட்டத்தின் மாஞ்சா நூல் இடது இறக்கையைப் பாதியாக அறுத்துவிட்டது. ஆறடி தாவுவாள், அவ்வளவுதான். இனி அவள் காலம் முழுக்க இந்தக் காப்பகம்தான்.

கூண்டு உத்தமன் உபயம். நெமிலிச்சேரிப் பக்கம் மனை போட்டு விற்கிறவர். இங்கே ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தொட்டதில்லை. திடீரென்று பருந்தின் மேல் என்ன பாசம்? தமிழ்வாணன் சாரிடம் கேட்டேன். ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தக் காப்பகத்தைத் தொடங்கியவர் அவர்.

"குடுக்கறத வாங்கிக்கோ கஸ்தூரி. எல்லாத்துலயும் நொட்ட பாக்காத."

சரி. பார்க்கவில்லை.

ஜனவரி 11, சனி
வெல்டர் வரதன் அளவெடுத்தான். கையில் ஏறுமா, கொத்துமா, சத்தம் கேட்டால் பயப்படுமா என்று என்னைத் துளைக்கிறான். கம்பி அடிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?

ஜனவரி 18, சனி
வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. வலையே இல்லை, நெடுக்கு வாட்டில் கம்பிகள். பாதம் புண்ணாகாமல் இருக்க உட்காரும் கட்டைகளில் தேங்காய்நார்க் கயிறு. முன்னால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவுகள். எல்லாம் எங்கள் கால்நடை மருத்துவர், டாக்டர் தீபிகா வரைந்து கொடுத்தபடி.

ஆனால் பின்னால், தெருப்பக்கக் கேட்டுக்கு நேராக, முழங்கால் உயரத்தில் இன்னொரு கதவு. படத்தில் அது இல்லை.

"சார் போட சொன்னாருக்கா" என்றான் வரதன். எந்த சார் என்று கேட்பதற்குள் கட்டிங் மெஷினைப் போட்டுவிட்டான். உத்தமனாகத்தான் இருக்கும். அவருக்கு எதற்கு ஒரு திருட்டுக் கதவு?

ஜனவரி 20, திங்கள்
தமிழ்வாணன் சாரிடம் கதவைச் சொன்னேன், வரதன் கேட்டதையும் சொன்னேன். "அவன் மேல ஒரு கண்ணு வெச்சிக்கோ" என்றார். அவராவது நம்பினாரே.

ஜனவரி 25, சனி
உத்தமன் இரண்டு பேரோடு வந்தார். செம்பியை நாலு பக்கமும் நின்று போனில் படம் பிடித்தார்கள். "கால்ல நூல் கட்டுனா சும்மா இருக்குமா?" என்று ஒருவன் கேட்டான். வரதன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

வரதன் டீ குடிக்கப் போனபோது அவன் பையைத் திறந்து பார்த்தேன். கையுறை, டேப்பு, எலுமிச்சை சாதம். மூடி வைத்தேன். என்ன கிடைக்கும் என்று தேடினேன்?

பிப்ரவரி 1, சனி
ரயில்வே ஸ்டேஷன் சுவரில் போஸ்டர். உத்தமனின் மனைப்பிரிவில் புதுக்கோயில், பத்தாம் தேதி கும்பாபிஷேகம். மூலையில் கருடன் படம். படம் செம்பியுடையது. அந்தக் குட்டை இறக்கையை எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 4, செவ்வாய்
இன்று கத்திவிட்டேன். "யாருக்குடா அந்தக் கதவு? செம்பியத் தூக்கிக் குடுக்கத்தான?"

வரதன் கண்ணாடியைக் கழற்றினான்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? தமிழ்வாணன் சார்தான் போட சொன்னாரு. வண்டில ஏத்த தோதா இருக்கணும்னாரு. எனக்கே அது சரியா படல. அதான் பயந்துக்குமா, கொத்துமான்னு உன்னாண்ட கேட்டுகினே இருந்தேன். நீ மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்ட."

தமிழ்வாணன் சாரா?

அவன் மேல் ஒரு கண் வை என்றாரே. நான் வரதனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரைப் பார்க்க மாட்டேன் என்றா? ஒன்பது வருஷம் அவரோடு வேலை செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்
சாரிடமே கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு மணி நேரம்தான். கோபுரத்தாண்ட சாரத்துல உக்கார வெச்சி வீடியோ எடுப்பாங்க. கால்ல நூல் இருக்கும், விழாது. அவர் இல்லன்னா இந்தக் கூண்டு ஏது, சொல்லு."

மேளம், வெடி, ஆயிரம் பேர். மிரண்டு தாவினால் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவாள்.

"முடியாது சார்."

"அப்ப நீ நாளையிலேந்து வராத."

வெளியூரில் இருக்கும் டாக்டர் தீபிகாவுக்குப் போன் செய்தேன். "வனத்துறை அனுமதி இங்க வெச்சுப் பராமரிக்க மட்டும்தான். நான் அவர்கிட்ட பேசுறேன். பத்தாம் தேதி காலைல வந்துடுறேன்" என்றார். பேசியும்விட்டார். ஒன்றும் நடக்காது டாக்டர் என்றாராம் சார். நான் நம்பவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்
வேலைக்குப் போனேன். சார் தடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
செம்பியைப் புதுக் கூண்டுக்கு மாற்றினோம். மாற்றும் முன்னால் வரதன் மெஷினோடு வந்தான். நான் கூப்பிடவில்லை. "தள்ளுக்கா" என்று சொல்லிவிட்டு, பின்கதவை நாலு பக்கமும் பற்றவைத்து அடைத்தான். இனி அது கதவே இல்லை.

மன்னித்துக்கொள் என்றேன்.

"ஊட்ல என் சம்சாரமும் இப்டித்தான் பைய நோண்டும். அத்த வுடுக்கா."

தெரிந்திருக்கிறது அவனுக்கு.

பிப்ரவரி 10, திங்கள்
விடியும் முன்பே கூண்டுக்குள் போய் இரண்டு கதவையும் உள்ளிருந்து பூட்டினேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு வேன் வந்தது. ஆட்கள் பின்பக்கம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார்கள். பின்னாலேயே சார்.

"சாவியக் குடு கஸ்தூரி."

எழுந்திருக்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். மேல் கட்டையில் செம்பி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

"டாக்டர் வந்துட்டிருக்காங்க. அவங்களக் கேட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க சார்."

வேன்காரன் ஹாரன் அடித்தான். சார் போன் அடித்தது. ரொம்ப நேரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தார். "இல்லீங்க உத்தமன். முடியாது." வைத்துவிட்டார். அந்த ஆட்களிடம், "கிளம்புங்கப்பா" என்றார்.

தீபிகா வந்தபோது மணி ஏழு. நான் இன்னும் வாளி மேல்தான் இருந்தேன்.

பிப்ரவரி 12, புதன்
உத்தமன் ஆட்கள் வந்து கூண்டில் மாட்டியிருந்த அவர் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்
மத்தியானம் செம்பி தண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் குளித்தாள். இந்தக் கூண்டில் முதல் தடவை. வாலை விரித்து, நல்ல இறக்கையால் அடித்து, என்மேலெல்லாம் தண்ணீர்.

நிமிர்ந்தால் வெளியே தமிழ்வாணன் சார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"கஸ்தூரி, உள்ள வரலாமா?"

அவர் ஆரம்பித்த இடம். இத்தனை வருஷத்தில் எந்தக் கூண்டுக்குள் நுழையவும் அவர் யாரையும் கேட்டதில்லை.

"இன்னிக்கு வேணாம் சார். அங்கேந்தே பாருங்க."

தலையாட்டினார். கம்பியைக்கூடப் பிடிக்காமல், ஒரு எட்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.