இருக்கட்டும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, பாப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பயப்பட வேண்டாம், இப்போது முதல் நாள் போல் கொதிக்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதும் இரண்டு வரி எழுதுவதுமாகக் கடிதம் நகர்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். வீட்டில் வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. பரணில் கிடந்த உங்கள் மெய்ப்புக் கட்டை இறக்கி, அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சாகி முடிந்த புத்தகத்தின் திருத்தத் தாள்கள்தானே, இனி யாருக்கு வேண்டும்.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். எப்போது கூப்பிட்டாலும் உங்களைச் சுற்றி ஆட்கள். "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் வந்தபாடில்லை. பதிப்பாளர் நாளைக் காலை புத்தகப் பொதிகளோடு நீங்கள் இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறார். உறையை நன்றாக ஒட்டி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அவர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கவிதைப் புத்தகத்துக்கான பரிசளிப்பு விழாவில் என்னையும் மேடையேற்ற வேண்டுமாம். ஐந்தே நிமிடம் "ஒரு தாயா" பேசினால் போதுமாம். "பளிச்சுன்னு உடுத்தாதீங்க மேடம். அழணும்னு கட்டாயம் இல்லை. வந்தா அடக்கவும் வேண்டாம்" என்றார். பாப்பா அப்போது காய்ச்சலோடே அவருடைய செருப்புக்குள் இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டு கூடத்தில் டக்டக்கென்று நடந்துகொண்டிருந்தாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "இவங்களை மட்டும் உங்க நாத்தனார் வீட்ல விட்டுட்டு வந்திருங்க" என்றார். இவங்களை என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

தப்பு என்னுடையது என்பதை நான் மறக்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த சமர்ப்பணம் எனக்கு மனப்பாடம். 'என் மகளின் முதல் பிறந்தநாள் நினைவாக.' அச்சில் வந்தது 'என் மகளின் நினைவாக.' இரண்டு சொல் விட்டுப்போனதில் பிள்ளையே போய்விட்டாள்.

மெய்ப்புப் பார்த்தவள் நான். தமிழ் படித்தவள் வீட்டில் இருக்கும்போது பிழை திருத்த வெளியாள் எதற்கு என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பக்கம் பிள்ளைக்குப் பால், ஒரு பக்கம் சிவப்புப் பேனா. பேச்சு வழக்கு என்று புரியாமல் நான் திருத்திய இடங்களில் பச்சைப் பேனாவால் என் திருத்தத்தை அடித்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவீர்கள். திருத்தாதே, உள்ளபடியே விடு என்று அச்சகத்துக்குச் சொல்கிற சொல் அது என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். கடைசி மெய்ப்பு வந்த வாரம் அவளுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். எதைப் பார்த்தேன், எதை விட்டேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

கவிதைகள் எப்போது எழுதியவை என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிள்ளையோடு என் அம்மா வீட்டில் நான்கு மாதம் இருந்தபோது, தனியாக இருந்து எழுதினீர்கள். காலித் தொட்டில், கொடியில் காய்கிற சின்னச் சட்டை, திறந்தே கிடக்கிற பவுடர் டப்பா. பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்து படித்தால் சிரிப்பு வரும். நானே சிரித்தேன். அந்த முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர்களுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

வெளியீட்டு விழா அன்று, புத்தகத்தை வெளியிட்ட பேராசிரியர் சமர்ப்பணத்தை மைக்கில் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த இளம் தகப்பனுக்கு ஆறுதல் சொல்ல என்கிட்ட சொல் இல்லை" என்றார். நான் கடைசி வரிசையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். இதோ எழுந்து சொல்லப் போகிறீர்கள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்து உங்களையே பார்த்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பாப்பா உங்களைப் பார்த்துவிட்டு "அப்பா" என்று ஆரம்பித்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு பார்வை. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

பொத்தியபடியே வெளியே வந்து மாடிப்படி அருகே நின்றேன். புத்தகம் வாங்கியவர்கள் எங்களைத் தாண்டித்தான் இறங்கினார்கள். ஒரு பெரியவர் அழுத கண்ணோடு பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "நல்லா இரு தாயி" என்றார். அவர் கக்கத்தில் அவளுக்கான இரங்கல் புத்தகம் இருந்தது.

வீடு திரும்பும்போது கேட்டேன். "அத்தனை பேர் முன்னாடி அந்தப் பெரிய மனுஷனை எப்படிக் கோமாளி ஆக்கறது? மெய்ப்புப் பார்த்தது யாரு, நீதானே?" என்றீர்கள். நான் தலையாட்டினேன். இரண்டாம் பதிப்பில் சரி செய்யலாம் என்றீர்கள். இரண்டாம் பதிப்பு வந்தது. "இப்ப மாத்தினா முதல்ல பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் பதிப்பாளர். அதற்கும் தலையாட்டினேன். டி.வி. பேட்டியில் கேள்வி கேட்ட பெண், குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்டபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அதை நான்கு முறை போட்டுப் பார்த்தேன். நீங்கள் பார்த்த ஜன்னல் நம் வீட்டு ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் கொல்லையில் அவளை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

மூன்று நாளைக்கு முன்னால் ஓர் அம்மா கதவைத் தட்டினார். தையல் வேலை செய்கிறவர். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் நம் முகவரி இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவருடைய மகள் இரண்டு வயதில் போய்விட்டாளாம். நிஜமாகவே. உங்கள் கவிதைகளைப் படித்த பிறகுதான் பிள்ளையின் துணிமணி இருந்த பெட்டியைத் திறக்கத் தைரியம் வந்ததாம். மகளுக்கென்று தைத்து, அவள் போடாமலே போன ஒரு மஞ்சள் கவுனை மடித்துக் கொண்டுவந்திருந்தார். "உங்க பாப்பா பேரைச் சொல்லி யாருக்காவது குடுத்திருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து கையில் கரண்டியோடு ஓடிவந்தாள் இவள். ஒட்டுத் துணி உடம்பில் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் வாயில் எப்படி வந்ததோ தெரியாது, "மாடி வீட்டுக் குழந்தை" என்றேன். இவள் என் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். "யாரைப் பார்த்தாலும் அம்மாங்கற வயசு" என்று அந்த அம்மாவே எனக்காகச் சமாளித்தார். பிறகு பாப்பாவைக் கண்ணாலேயே அளவெடுத்துவிட்டு, "இவளுக்குச் சரியா இருக்கும் போலிருக்கே" என்று தன் கையாலேயே கவுனை மாட்டிவிட்டார். பின்னால் முடிச்சுப் போட்டு, மடிப்புகளை நீவிவிட்டார். குனிந்து முத்தம் கொடுத்தவர், சட்டென்று எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. உன் முன்னாடியே இன்னொரு பிள்ளையைக் கொஞ்சறேன் பாரு. புத்தி கெட்டவ நான்" என்றார்.

அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். சொல்லுங்கள், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று மாலைதான் காய்ச்சல் ஆரம்பித்தது. நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அச்சில் ஏறிய சொல் அல்லவா? மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சீட்டு எழுதும் நர்ஸ் என்னை உங்கள் மனைவி என்று அடையாளம் கண்டுகொண்டு, "இது அடுத்த குழந்தையா மேடம்? மூத்தது மாதிரி ஆகாம நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து பழகிவிட்டது. மடியில் இருந்தவள், செத்துப்போன தனக்குத் தானே தங்கையாகி, மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று வழியில் ஒரு நினைப்பு வந்தது. எழுதக்கூடாது, எழுதிவிடுகிறேன். இவளுக்கு ஏதாவது ஒன்று ஆகியிருந்தால், உங்களிடம் புதிதாகச் சொல்ல என்ன இருந்திருக்கும்? எல்லோரும் துக்கம் விசாரித்து முடித்தாகிவிட்டது.

அதனால் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்புரையில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அச்சுப் பிழை என்று சொல்லுங்கள். மெய்ப்புப் பார்த்த என் மனைவி கவனக்குறைவாக விட்டுவிட்டாள் என்று சொல்லுங்கள். என்னை எழுப்பி நிறுத்தியே சொல்லுங்கள். எவ்வளவு கேலி செய்தாலும் பரவாயில்லை, பழியை நான் வாங்கிக்கொள்

தாள் முடிந்து அடுத்ததை எடுத்தேன். அதனால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. இனி அதை முடிக்கப் போவதில்லை.

எழுந்து போய்ப் பாப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வியர்த்திருக்கிறது, காய்ச்சல் இறங்குகிறது.

இந்தத் தாளை நீங்கள் இப்போதே திருப்பிப் பார்க்கலாம். கடைசி மெய்ப்பின் முதல் பக்கம். நடுவில் ஒரே வரி, 'என் மகளின் நினைவாக.' மகளின் என்பதற்கும் நினைவாக என்பதற்கும் இடையில், சிவப்பு மையில், விட்டதைச் சேர்க்கச் சொல்லும் கூரைக் குறி. அதன் மேல் என் கையெழுத்தில் 'முதல் பிறந்தநாள்.' அவசரத்தில் எழுதியது, பாலோ மருந்தோ சொட்டிய கறையும் பக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். தூக்கமில்லாமல், காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சரியாகப் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு சொல்லின் மேல் பச்சை மையில் ஒரு கோடு. ஓரத்தில் உங்கள் அழகான கையெழுத்து. 'இப்படியே நல்லா விழுந்திருக்கு. இருக்கட்டும்.'

ஏழு மாதமாக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தாளை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். படம் எடுத்து வைக்கவில்லை. கிழிக்க வேண்டுமானால் கிழித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அத்தாட்சி கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது.

விழாவுக்கு நான் வருகிறேன். மேடைக்கு இல்லை. அன்று நின்ற மாதிரியே கடைசி வரிசையில், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு. காய்ச்சல் விட்டிருந்தால் அந்த மஞ்சள் கவுனைத்தான் போட்டுக் கூட்டி வருவேன். நெகிழ்ந்த வாசகி என்று அந்தத் தையல்கார அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்கப் போகிறாராம் பதிப்பாளர். அந்த அம்மா அவருக்கும் கடிதம் போட்டிருந்தாராம். பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா திரும்பிப் பார்க்கும்போது அவர் முகத்தைச் சந்திக்க எனக்குத் தெம்பு இல்லை. அவருக்கு முதலில் பொய் சொன்னவள் நான். ஆகையால் அவர் திரும்புவதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். இரண்டே சொல்தான். உங்களுக்குச் சொல்லுக்கா பஞ்சம்?

சொல்லாவிட்டாலும், கூட்டம் அமைதியாகும் நேரம் பார்த்து அவள் உங்களைக் கூப்பிடுவாள். இப்போது முன்னைவிடத் தெளிவாகக் கூப்பிடுகிறாள். என் ஒரு கையில் அவள் இருப்பாள். இன்னொரு கையில் பை இருக்கும், வாயைப் பொத்த மூன்றாவது கை இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும், நிறைய எழுத வேண்டும். பரிசு இருக்கட்டும், பேர் இருக்கட்டும், ஒன்றையும் நான் பிடுங்கவில்லை. அந்தப் பச்சைப் பேனா இன்னும் உங்கள் பையில்தான் இருக்கும். அதே சொல்லைத்தான் உங்களிடம் கேட்கிறேன், இந்த முறை அச்சகத்துக்கு இல்லை.

அவளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா