சீமாட்டியின் காலடியில் ஒரு நாய்

அன்பு நிறைந்த அம்மாவுக்கு,

மகன் நிலோஜன் வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் நோவு இப்போது எப்படி? போனில் சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். போன கிழமை இங்கே பிரான்சில், நான் துப்புரவு செய்யும் பழைய தேவாலயத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டேன். கணுக்கால் கொஞ்சம் வீங்கியது, இப்போது வற்றிவிட்டது.

விழுந்தது ஒரு சீமாட்டியின் கல்லறைக்குப் பக்கத்தில். அறுநூறு வருடப் பழையது. அவள் படுத்திருப்பதுபோல் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். காலடியில் ஒரு சின்ன நாய் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எழும்ப முடியாமல் அதன் தலையைத் தடவி, "உனக்கும் குளிருதாடா?" என்று கேட்டேன். கூட வேலை செய்யும் லூர்தஸ் ஓடிவந்தாள். "அவள் தனியாகக் கிடக்கக்கூடாது என்றுதான் அந்த நாயை வைத்தார்களாம்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மா.

அப்பா காலமான பிறகு களுவாஞ்சிக்குடி வீட்டில் நீங்களும் தனியே. "ஒரு சிவத்த நாய் வாசல்ல வந்து படுக்குது மகன், துரத்தினாலும் போகுதில்ல" என்று அன்று சொன்னீர்கள். இனித் துரத்தாதீர்கள். மழைக்கு விறாந்தையில் ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கஜானியிடம் சொல்லி அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், நீங்களும் அதோடு நில்லுங்கள். விசா சரிவரும்வரை என்னால் வரமுடியாது.

அதற்கு ஒரு பேர் வையுங்கள் அம்மா. அந்த வீட்டுக்குள் நீங்கள் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலம்.

பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்
நிலோஜன்