மிளகாய் எரியாத கால்

அக்கா,

இன்று காலை பசாரில் என் மசாலாக் கடைக்கு ஒருவன் கட்டுப் போட்ட காலோடு வந்து கறி மசாலா கேட்டான். கட்டுத் துணியிலிருந்து, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் அந்த மஞ்சள் மருந்துப் பொடியின் நாற்றம். மல்லி, சோம்பு, மிளகாய் எல்லாவற்றையும் மீறி மூக்கில் ஏறியது. உன் நினைப்புத்தான்.

நீயும் நானும் பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்த காலம். குழவி விழுந்து உன் பெருவிரலில் புண். "குழவிக்குக்கூட உன் மேல ஆசைக்கா, காலைத் தொட்டுக் கும்பிடுது" என்றேன். ஈர மசாலாவை என் மேல் தெளித்தாய்.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்றார்கள். தினமும் வந்து ஊசி போட்டுக்கொள், கட்டை மாற்று என்றார்கள். அரைக்கிற கல் சும்மா கிடந்து கூலி போனாலும் போய் வந்தாய்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. அரைத்த மிளகாய் வழிந்து உன் கட்டுக்குள் இறங்கியது. கூட அரைத்துக்கொண்டிருந்த நாங்கள் பதறி எழுந்தோம். நீ சிரித்தாய்.

"எரியவே இல்லடி! ஆறிப்போச்சு!"

அரைக்கிறவர்களுக்கு அதுதானே சோதனை. விரலில் வெட்டுப் பட்டால் மிளகாய் தொட்டுப் பார்ப்போம், எரியாவிட்டால் ஆறியது. பசாரே கைதட்டியது. நீ ஊசியை நிறுத்தினாய்.

கால் வீங்கியதும் பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். மேசைக்கு அப்பாலிருந்தே கேட்டார்.

"வலிக்குதா?"

"மிளகாயே எரியலைங்க!"

"அப்ப நல்லாத்தான் இருக்கு. டானிக் தர்றேன்."

"கட்டை அவுத்துப் பாருங்கய்யா" என்றேன்.

"நாத்தம் லா! வெளியில போய் அவுத்துக்கோ."

பூவாசக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். டானிக் பாகாய் இனித்தது. நீரிழிவுக்காரிக்குப் பாகு! நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "டாக்டரே சொல்லிட்டாரு, நீ வாயை மூடுடி" என்றாய்.

கடைசியில் உன் வீட்டில் நான் கட்டை அவிழ்த்தபோது விரல் துணியோடு வந்தது. கருப்பு. புழு. யார் காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாய்; அப்போதும் உனக்கு வலிக்கவில்லை. செத்த கால் எரியாது என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் சொல்லித்தான் தெரிந்தது. காலை எடுத்தார்கள். அதன் பின்னாலேயே நீயும் போய்விட்டாய்.

இன்று அவனைக் கேட்டேன். "தம்பி, கால் எரியுதா?"

"ஒண்ணுமே தெரியலக்கா. நல்லாயிருச்சு லா."

"அப்ப உனக்கு மசாலா கிடையாது. உக்காரு."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தான். மிளகாய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவன் முன் குந்தி முடிச்சை அவிழ்த்தேன். அதே நாற்றம். மூக்கைப் பொத்தவில்லை, அக்கா.