சிறுமலைச் சரிவில் நான்காவது மரவீடு

என் பிலோமி அக்காவுக்கு,

திண்டுக்கல்லில் நேற்றிலிருந்து மழை. சிறுமலை மேகத்துக்குள் போய்விட்டது. அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாள்.

மலையில் மரவீடு கட்ட வந்த முதலாளி, பொம்பளை இன்ஜினியர் என்றதும் முதலில் தயங்கினார். நீ வரைந்ததைப் பார்த்தபின் வேலையை உன்னிடமே கொடுத்தார். சரிவை வெட்டாமல் பாறையில் தூண் ஊன்றி, மேலே தேக்குப் பலகைச் சுவர், மழை வழிந்தோடச் சாய்ந்த கூரை. தண்ணீர் வீட்டுக்கு அடியில் தன் போக்கில் போய்விடும். நீ வரைந்தாய், நான் ஆசாரிகளை வைத்துக் கட்டினேன். முதல் வீடு முடிந்த அன்று அதன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஏலே சேவியரு, கப்பல்ல படுத்த மாதிரி இருக்குடா" என்றாய். நீ எந்தக் கப்பலைக் கண்டாய் அக்கா?

மூன்று வீடுகள் எழுந்தன. நாலாவதுக்குத்தான் வினை வந்தது. கல்யாணம் ஒன்றுக்கு நாம் நத்தம் போயிருந்தபோது, முதலாளி மெஷினை விட்டுச் சரிவை வெட்டிச் சமமாக்கிவிட்டார்.

"ரெண்டு கார் நிக்க இடம் வேணும்லம்மா."

"மண்ணு நிக்காது சார். இதுல நான் கட்ட மாட்டேன்."

வேலையை நிறுத்திவிட்டாய். ஆனால் மூன்றாவது வீட்டின் மிச்ச வேலைக்காக ஆசாரிகள் அங்கேயே தங்கினார்கள். அவர்கள் கொட்டகை, வெட்டிய இடத்துக்கு நேர் கீழே.

ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு மதியம், "வண்டிய எடுடா, அவங்களக் கீழ கூட்டிட்டு வந்துருவோம்" என்றாய். போனோம். எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். சமைத்துப்போடும் முருகாயி மட்டும் காய்ச்சலில் எழ முடியாமல் உள்ளே கிடந்தாள். "செத்த நேரம் இரு, வாரேன்" என்று போனாய். அவளைத் தாங்கி வாசல் வரை வந்துவிட்டாய். மேலே மண் அசைவதைப் பார்த்து நான் கத்தினேன். நீ அவளைத் தள்ளிவிட்டாய். அவள் என் முன்னால் வந்து விழுந்தாள். அப்புறம் அங்கே சேறுதான் இருந்தது. கையாலேயே தோண்டினோம், அக்கா.

முருகாயி வடமதுரையில் மகளோடு இருக்கிறாள். உன் நினைவுப் பூசைக்கு வருஷம் தவறாமல் வந்து சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்காருவாள். அம்மா அவளிடம் பேச மாட்டாள். சாப்பிடாமல் அனுப்பவும் மாட்டாள்.

போன வருஷம் முதலாளி வீட்டுக்கு வந்தார். அதே இடத்தில் மண் சரியாமல் தாங்கக் கல்சுவர் எழுப்பியாயிற்றாம். நீ வரைந்தபடியே நாலாவது வீட்டைக் கட்டி உன் பேரை வைக்கப்போகிறாராம்.

"பேரு வந்து எங்கிட்ட சோறு கேக்குமா சார்?" என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னையே கட்டித் தரச் சொன்னார். நான் முடியாது என்றேன். வேறு ஆளை வைத்துக் கட்டிவிட்டார். போய்ப் பார்த்தேன். கதவுக்கு மேல் பித்தளையில் உன் பேர். வீடு அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

அந்த மண் நிற்காது என்று ஆபீஸ் ஆபீஸாகச் சொல்லிப் பார்த்தேன். சுவர்தான் இருக்கிறதே என்கிறார்கள். நேற்றிலிருந்து அங்கே ஒரு குடும்பம் தங்கியிருக்கிறதாம்.

இதோ கிளம்பிவிட்டேன். இனி மழை பிடிக்கும்போதெல்லாம் மேலே போவேன். உன் பேர் போட்ட அந்தக் கதவைத் தட்டுவேன். உள்ளே யார் இருந்தாலும், என்ன திட்டினாலும், கீழே கூட்டிவராமல் திரும்ப மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
சேவியர்