கூடத்துக் கம்பளத்தை மாப்பிள்ளை சுருட்டிக்கொண்டு போன கதை

தரானே ஜான், என் கண்ணே, உன் அம்மா கூடத்துக் கம்பளத்தைப் பெண் பார்க்க வந்த பையனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள், அவனும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டான், உன் தங்கை கோல்னார் கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள்!!

இரு, அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். கோதன்பர்க் குளிரில் நீ சுகம்தானே? ஷிராஸில் நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, நாக்கு முன்னைவிடச் சுகம். நம் கூடம் உனக்கு நினைவிருக்கும், சுவருக்குச் சுவர் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த சிவப்புக் காஷான் கம்பளம், திரைச்சீலையில் பூ, மெத்தையில் பூ, தரையிலும் பூ, உட்கார்ந்தால் தேனீ கொட்டிவிடுமோ என்று பயமாக இருக்கும். நான் இப்போது வீட்டு அலங்காரச் சேனல் ஒன்று விடாமல் பார்க்கிறேன், ராத்திரி தூக்கத்தில்கூடக் கம்பளம் பற்றித்தான் பேசுகிறேனாம். வெயில் வராத அறைக்கு வெளிர் நிறம், திரையில் பூ இருந்தால் தரை வெறுமை, சோபாவின் முன்னங்கால் மட்டும் கம்பளத்தின் மேல், இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அம்மாவிடம் சொன்னேன். முன்னங்கால் கம்பளத்துல, பின்னங்கால் தரையில, ஏன் சோபா எங்கயாச்சும் ஓடிப்போகப் போகுதா என்றாள். ரசனை இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டேன்.

நான் விடுவேனா? கடைவீதிக்குப் போனேன். கம்பளக் கடை ஹாஜி மன்சூர் வழக்கம்போல, ரெண்டு நாள் போட்டுப் பாருங்க பெஹ்ரூஸ், ஒத்துவரலைன்னா சுருட்டிக் கொண்டாங்க என்று ஒரு கப்பேக் கம்பளத்தைக் கொடுத்தனுப்பினார். நாடோடிப் பெண்கள் நெய்தது, தடிமனாக, கடுகு மஞ்சளில், மூலையில் ஒரே ஒரு ஆடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இம்புட்டுப் பெரிய தரையில ஒத்தை ஆடு, அதுவும் வழி தெரியாம நிக்குது என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம், பெண் பார்க்க வந்த கியாரஷ் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். உனக்கே தெரியும், கோல்னார் இதுவரை வந்தவர்களையெல்லாம் துரத்திவிட்டாள். எல்லாருக்கும் வாயில சர்க்கரை, ஒருத்தரும் நினைச்சதைச் சொல்றதில்ல, சொன்னதை நினைக்கிறதில்ல, இதான் கடைசி, இதுவும் அப்படின்னா இனிமே என் கல்யாணப் பேச்சையே எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் காஷானைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுக் கப்பேவை விரித்தேன், முன்னங்கால், பின்னங்கால், எல்லாம் கச்சிதம். படம்கூட எடுத்தேன்.

அப்புறம் அம்மா சாப்பாட்டு விரிப்பைக் கொண்டுவந்தாள். ஐயோ! எட்டுப் பேர் வட்டமாக உட்கார வேண்டும், கப்பேவில் பாதிப் பேருக்குக்கூட இடமில்லை. கியாரஷின் அம்மா ஷஹ்லா அம்மாள் ஆட்டின் மேல் உட்கார்ந்தார், அவர் கணவர் சில்லென்ற கல் தரையில் ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாறி மாறி முட்டைக்கோசுச் சோறு சாப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம். அந்த நேரம் பார்த்து ஷஹ்லா அம்மாள் மரியாதைக்கு, கம்பளம் என்ன அழகு என்றார். அம்மாவும் முறைப்படி, உங்க கால் பட்டாச்சு, இனி அது உங்களுதுதான், எடுத்துட்டுப் போங்க என்றாள். ஐயோ வேண்டவே வேண்டாம், அது உங்க வீட்டுலயே இருக்கட்டும் என்றார் அவர். சொல்வது நம் கடமை, மறுப்பது அவர்கள் கடமை, இந்த ஊர் இப்படித்தானே ஓடுகிறது? ஆனால் கியாரஷ் ஐந்து வயதிலிருந்து ஹாலந்தில் வளர்ந்தவன். நிஜமாவா குடுக்கிறீங்க என்றான். நிஜமாத்தான் தம்பி என்றாள் உன் அம்மா. ரொம்ப நன்றிம்மா, என் அறைக்கு இப்படி ஒண்ணுதான் தேடிட்டிருந்தேன் என்று, போகும்போது சுருட்டிவிட்டான். ஷஹ்லா அம்மாளின் முகம் நம் காஷான் கம்பளத்தைவிடச் சிவப்பு. அம்மா முழங்காலை மறந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். இன்னும் நாம் வாங்காத கம்பளம், தரானே! (அப்புறம் வாங்கினேன். விலை கேட்காதே.)

கோல்னார் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சம்பந்தம் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன். மறுநாள் காலையிலேயே கியாரஷ் காது சிவக்க, கப்பேவைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றான். வீட்டில் விளக்கிச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அம்மா, மரியாதைக்குக் குடுத்தீங்களா, மனசோட குடுத்தீங்களா, எனக்குப் புரியல, அதான் கேக்க வந்தேன் என்றான். உன் அம்மா பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு விருந்தாளியிடம் உண்மை பேசினாள். தம்பி, அந்த ஆட்டைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது, புண்ணியமாப் போகும், கொண்டுபோயிடு என்றாள். அவன் சிரிக்கவில்லை, தலையாட்டினான். பிறகு கோல்னார் பக்கம் திரும்பி, நேத்து என்கூடப் பேசினது புடிச்சிருந்துச்சுன்னு சொன்னீங்களே, அது எப்படி என்று கேட்டான். மனசோடதான் என்றாள் அவள்.

காஷான் மறுபடி தரையில். கீழே உட்கார்ந்து சாப்பிடுகிற கூடத்துக்குச் சுவருக்குச் சுவர்தான் சரி, நாற்காலிக்காரர்களின் சட்டம் நமக்கு ஆகாது, இதை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. கியாரஷ் அவன் அறையைப் படம் அனுப்பினான், இருட்டான சின்ன அறை, கட்டிலின் முன்னங்கால்கள் மட்டும் கப்பே மேல்!! நான் சொல்லித்தரவே இல்லை!

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் பத்திரமாக வைக்கட்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்த மாப்பிள்ளையிடம் மரியாதைக்குக்கூட எதையும் எடுத்துக்கோ என்று சொல்லிவிடாதே, உன் கோட்டு போய்விடும். அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் இதை அனுப்பு, தங்கைக்கு இன்றே போன் போடு. அப்படியே பூத் திரைச்சீலைக்குப் பதில் சாம்பல் நிறமா, சந்தன நிறமா என்று எனக்கு ஓட்டுப் போடு, அம்மாவுக்குத் தெரிவதற்குள்.

முத்தங்களுடன்,
உன் பாபா பெஹ்ரூஸ்