பாடுகிறவர் வராத பாட்டு

கண்ணு,

நீ போனில் அனுப்பிய, உன் குழு வாசித்த போஸ்ட்-ராக் இசையைத் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒரே கிடார் மெட்டு சுற்றிச் சுற்றி வந்தது. பாடுகிறவர் எப்போது வருவார் என்று காத்திருந்தேன்.

"வாயே தொறக்க மாட்டேங்கறாங்களே?" என்று உன் அப்பா கதவருகில் வந்து நின்றார். மெல்ல மெல்ல டிரம்ஸ் சேர்ந்து, ஜன்னலே அதிர்ந்தது. சத்தத்தைக் குறைக்கப் போனேன். "இருக்கட்டும், விடு" என்றார். இந்த வீட்டில் இது கூடாது என்று உன் கிடாரைத் தூக்கி வாசலில் வைத்த அதே மனிதர்!

பாடுகிறவர் கடைசிவரை வரவேயில்லை. எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

தெரியாத நம்பரிலிருந்து யாரோ கூப்பிட்டு, பேசாமலே இருக்கிறார்கள் என்றாயே. அது அப்பா பட்டறையின் புது போன். அடுத்த முறை உடனே வைத்துவிடாதே. அவர் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்.

உன் அம்மா