நீர் அழித்த குரல்

நேற்றுக் கல்கிசையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இருந்தேன். கைத்தொலைபேசி பிள்ளைகளை என்ன செய்கிறது என்று ஒரு கருத்தரங்கு. மண்டபம் முழுக்கப் பொரித்த ரோல்ஸின் வாசம். திரையில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். கண்களை மட்டும் மறைத்திருந்தார்கள். அவளைப் பார்த்தபடியே பக்கத்து நாற்காலிக்காரர் ரோல்ஸைக் கடித்து, "சோஸ் இருக்கா?" என்று கேட்டார். நான் எழுந்துவிட்டேன். வெளியே வந்து படியில் நின்றேன். உம்முடைய நினைவுதான் வந்தது.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நாமிருவரும் இதைப்போன்ற ஓர் ஆய்வைத்தான் செய்தோம். வெள்ளவத்தை டியூசன் வகுப்புகள், கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபம் என்று போய்ப் பிள்ளைகளோடு கதைத்தோம். கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கேட்கப் போனோம். பிள்ளைகளோ வேறொன்றைச் சொன்னார்கள். வன்னியில் செத்துக் கிடந்தவர்களின் வீடியோக்கள் புளூடூத்தில், வகுப்பில் வாங்குக்கு வாங்கு போய்க்கொண்டிருந்தன. "சும்மா பகிடிக்கு மிஸ்" என்றான் ஒருவன். உமது முகம் சுருங்கியது. இதையெல்லாம் எடுத்துப் பரப்பிய பெரியவர்களை வெளியே வந்து வாய்விட்டுத் திட்டினீர்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பதினான்கு வயதுப் பெண், எல்லோரும் போன பிறகு நம்மிடம் வந்தாள். ரெக்கோடர் மேசையில் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்படி வந்த ஒரு வீடியோவில் கிடந்தது அவளுடைய அண்ணன். வன்னியில் காணாமற் போனவன். வீட்டில் சொல்லாமல், குளியலறையைப் பூட்டிக்கொண்டு தினமும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"அழிச்சா அண்ணாவ நானே கொன்ற மாதிரி மிஸ்."

"அழிக்கச் சொல்லமாட்டன். ஆனா நீ இனிப் பாக்கவேண்டாம். என்னட்டத் தா, நான் வைச்சிருக்கிறன்," என்றீர்.

நகத்தளவு மெமரி கார்ட். சோதனைச்சாவடியில் அகப்பட்டால் நீர் வீடு திரும்பியிருக்க மாட்டீர். தெரிந்துதான் வாங்கினீர்.

மறுநாள் நமது ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளர் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார். அவர் முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அருமையான கேஸ்! அந்தப் பிள்ளையத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வீடியோவைப் பாக்கேக்க முகம் எப்பிடி மாறுது எண்டு படம் எடுப்பம்."

"இது வெளியில போனா, அவளின்ர வீட்டு வாசல்ல ஆமி ஜீப் வந்து நிக்கும்," என்றீர்.

"பேர் போடமாட்டம்தானே. எல்லாம் பிள்ளையளின்ர நன்மைக்குத்தானே மிஸ்?"

நீர் கத்தவில்லை. ரெக்கோடரை எடுத்து, அவர் கண்முன்னாலேயே அவளுடைய குரலை அழித்தீர். "சீ" என்ற ஒரு சொல்தான் உமது வாயிலிருந்து வந்தது. அன்றே வேலை போயிற்று. நானும் உம்மோடு படியிறங்கினேன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, கழிவுநீர்க் கானோரமாகக் குனிந்து சத்தியெடுத்தீர். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

பணிப்பாளர் ஓயவில்லை. வேறொரு பிள்ளையை அழவைத்துப் படமெடுத்தார். அதைக் கருத்தரங்கில் காட்டியபோது கூட்டம் கைதட்டியது.

யுத்தம் முடிந்து சில காலத்துக்குப் பிறகு அந்தப் பெண் தாயோடு உமது வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கிருந்தேன். "அம்மாட்டச் சொல்லிப்போட்டன் மிஸ்" என்றாள். தாய் வீடியோவைக் காட்டும்படி கேட்கவில்லை. மகளைப் பார்த்து, "வடிவாத் தெரியுமோ, அவன்தானோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா."

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டி நால்வரும் கடலுக்குப் போனோம். உடல் கிடைக்காத மகனுக்கு அந்தத் தாய் வேறென்ன செய்வார்? நீர் வைத்திருந்த கார்டைப் பூவோடு சேர்த்துக் கட்டி அலையில் விட்டார். அலை ஒருமுறை திருப்பிக் கொண்டுவந்தது. அந்தப் பெண் இடுப்பளவு நீரில் இறங்கி, எட்ட எறிந்துவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உம்மைக் கடைசியாகப் பார்த்த அன்று, இந்தத் துறையே அருவருக்கிறது, விட்டுவிடப் போகிறேன் என்று புலம்பினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னீர்:

"அருவருக்குதெண்டா நில்லும். அருவருக்காமப் போற அண்டைக்கு விட்டிடும்."

எனக்கு இன்னும் அருவருக்கிறது. நாளைக்கு ஹெவ்லொக் டவுனில் ஒரு வகுப்பு. பிள்ளைகளோடு கதைக்கப் போகிறேன்.